குளிர் உறைக்காத உடம்பு

நீலகிரியில் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில், புல்வெளிகளின்மேல் உறைபனி படிந்து கிடக்கும் வேளையில், வீட்டிலுள்ள அனைவரும் கம்பளிச் சட்டைக்குள்ளும் மப்ளருக்குள்ளும் ஒடுங்கியிருக்க, ஒருத்தி மட்டும் மெல்லிய பருத்திச் சேலையோடு வாசற்படியில் அமர்ந்து, நெற்றியில் அரும்பும் வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டிருப்பாளானால், அண்டை வீட்டார் அவளைக் கண்டு வியப்பார்களே தவிர, வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு எளிதில் உண்டாகாது. “ஏன் புள்ள, உனக்குக் குளிரலையா?” என்று யாரேனும் கேட்டால், “எனக்கு உடம்பெல்லாம் காந்துது, அத்தை” என்று அவள் சொல்லுவாள், அதைக் கேட்பவர்களும் நல்ல தேகக்கட்டு என்று மெச்சிவிட்டுப் போவார்கள். சென்னையிலோ வேலூரிலோ வசிக்கும் ஒருவருக்கு இதே நிலை வந்தால், சித்திரை வெயிலின் கொடுமையைத் தாங்கமாட்டாமல் அவர் சில வாரங்களிலேயே மருத்துவமனையை நாடிவிடுவார். மலைவாசிக்கு அந்தக் கட்டாயம் நேர்வதில்லை. குளிர் அவருக்கு இதமாக இருக்கிறது. அந்த இதமே வியாதியை மாதக்கணக்கில் மறைத்துவைக்கிறது.

கிரேவ்ஸ் நோய் என்று மருத்துவ நூல்கள் வழங்கும் இந்த வியாதி, தைராய்டுச் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வதால் உண்டாவது. அப்படி வேலை செய்யும்படி அச்சுரப்பியைத் தூண்டுவது, நம்மைக் கிருமிகளிடமிருந்து காக்கவேண்டிய நம்முடைய சொந்த எதிர்ப்புச் சக்தியே ஆகும். ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருவது. பெரும்பாலும் இருபது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடையில், குடும்பப் பொறுப்பும் உழைப்பும் மிகுந்திருக்கும் காலத்தில் தோன்றுவது. மலையில் அதன் ஒவ்வொரு லட்சணத்துக்கும் வேறொரு காரணம் தயாராக இருப்பதுதான் விசேஷம். கடல்மட்டத்துக்கு 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றின் அழுத்தம் சமவெளியில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். அங்கே மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கினால், மலைதானே என்று தோன்றுகிறது. நெஞ்சு படபடத்தால் ஏற்றத்தின்மேல் பழி விழுகிறது. நன்றாகச் சாப்பிட்டும் உடல் இளைத்துக்கொண்டே போனால், ஏறி இறங்கும் பிழைப்பில் சதை எப்படி ஒட்டும் என்கிறார்கள். தூக்கம் வராததற்கு அடிக்கடி குடிக்கும் தேயிலைத் தண்ணி காரணமாகிறது. எஞ்சி நிற்பது சிடுசிடுப்பும் அழுகையும் ஒரு நிலையில் நிற்காத மனமுமே. இவற்றுக்கு மலையைக் காரணமாகச் சொல்ல முடியாதாகையால், அவள் சுபாவமே அப்படி என்று வீட்டார் முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்த முடிவுதான் எல்லாவற்றிலும் அநியாயமானது.

மலையால் மறைக்க முடியாத லட்சணம் ஒன்று உண்டு. அது விரல்களில் தெரிவது. கொழுந்து பறிப்பவர்களின் கையைச் சற்று அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு, அது எத்தனை நுட்பமான தொழில் என்பது விளங்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்த தளிரைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்து, காம்பு கசங்காமல் ஒடித்து, உள்ளங்கை நிறைந்ததும் முதுகுப்புறமாகத் தொங்கும் கூடைக்குள் வீசிவிட்டு, அந்தக் கை திரும்பி வருவதற்குள் கண் அடுத்த தளிரைத் தேர்ந்துவிட வேண்டும். தைராய்டு மிகுந்தவரின் விரல்களில் மிக மெல்லிய, மிக வேகமான நடுக்கம் ஒன்று இருக்கும். கண்ணால் பார்த்தால் உடனே தெரியாது. கைகளை முன்னே நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லி, அவற்றின்மேல் ஒரு காகிதத் தாளை வைத்துப் பார்த்தால், தாளின் ஓரம் துடிப்பது தெரியும். முற்றிய இலையும் தளிரும் கலந்து கூடையில் விழுகிறது, எடை குறைகிறது, கங்காணி குறை சொல்லுகிறார் என்று ஒரு பெண் திடீரென வருந்தத் தொடங்கினால், அவளுடைய சிரத்தையைச் சந்தேகிப்பதற்கு முன்னால் அந்தத் தாளை அவள் விரல்களின்மேல் ஒரு தடவை வைத்துப் பார்ப்பது நியாயமாகும். கூடவே தொடைத் தசைகளும் பலவீனப்படுவதால், உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழுந்திருக்கத் தடுமாறுவதும் உண்டு.

இனி, உள்ளே நடப்பது யாது என்று பார்ப்போம். குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை முன்புறமிருந்து தழுவியவாறு அமைந்துள்ள தைராய்டு, ஏறக்குறைய இருபது கிராம் எடையே உடையதாயினும், சரீரத்தின் உயிரணுக்கள் எவ்வளவு வேகத்தில் சக்தியைச் செலவிட வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் அதிகாரம் அதனிடம் இருக்கிறது. உணவிலுள்ள அயோடினை இரத்தத்திலிருந்து ஈர்த்து, டி4, டி3 என்னும் இரு ஹார்மோன்களாக ஆக்கி, பல வாரங்களுக்குப் போதுமானதைத் தனக்குள் சேமித்தும் வைத்துக்கொள்ளுகிறது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்ற கட்டளை, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து டி.எஸ்.எச். என்ற பெயரில் வருகிறது. தேயிலைத் தோட்டத்தில் துரையின் உத்தரவுப்படி சங்கு ஊதினால் ஆட்கள் மலைக்குக் கிளம்புவதையும், பொழுது சாய்ந்து மறுபடி ஊதினால் வீடு திரும்புவதையும் இதற்கு ஒப்பிடலாம். கிரேவ்ஸ் நோயில் நடப்பது யாதெனில், எதிர்ப்புச் சக்தி தவறாக உண்டாக்கிவிட்ட எதிர்ப்பொருள் ஒன்று, டி.எஸ்.எச். வந்து பொருந்தவேண்டிய ஏற்பியில் தானே போய்ப் பொருந்தி, இரவு பகல் என்று பாராமல் வேலைச் சங்கை ஊதிக்கொண்டேயிருக்கிறது. ஊதுவது யார் என்று வேலையாட்களுக்குத் தெரியாது. சங்கொலி கேட்கிறது, உழைக்கிறார்கள். ஹார்மோன் பெருகிவிட்டதைக் கண்ட பிட்யூட்டரி தன் கட்டளையை அடியோடு நிறுத்திவிடுகிறது. ஆயினும் சங்கு ஓய்வதில்லை.

இதனால்தான் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். எண் மிகமிகக் குறைந்து, 0.01-க்கும் கீழே என்று வருகிறது. அச்சீட்டை வாங்கிப் பார்க்கும் பலர், எண் குறைந்திருப்பதால் தைராய்டு குறைந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளுகிறார்கள். பக்கத்து வீட்டில் தைராய்டு குறைவுக்காகத் தைராக்சின் மாத்திரை சாப்பிடுபவர் ஒருவர் இருந்தால், அவரிடமிருந்து சில மாத்திரைகளைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் நடக்கக்கூடியது. ஏற்கெனவே மிகுந்திருக்கும் ஹார்மோனை வெளியிலிருந்தும் ஊட்டுவதால் இருதயத்தின் தாளம் தவறிப்போகும் அபாயம் உண்டு. ‘எனக்கும் தைராய்டு, உனக்கும் தைராய்டு’ என்ற பேச்சில் இரண்டு எதிரெதிரான வியாதிகள் ஒரே பெயருக்குள் ஒளிந்திருக்கின்றன என்பதை நம் ஜனங்களுக்கு யாரேனும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இவ்வியாதியின் மூலகாரணம் தெரிய வெகுகாலம் ஆயிற்று. டப்ளின் நகரத்து வைத்தியர் ராபர்ட் கிரேவ்ஸ், படபடப்பும் கழுத்து வீக்கமும் சேர்ந்து தோன்றிய பெண்களைப் பற்றி 1835-இல் எழுதினார். ஜெர்மனியில் மெர்செபர்க் என்னும் ஊரிலிருந்த கார்ல் ஃபான் பாசெடோ 1840-இல், பிதுங்கிய கண், கழலை, படபடப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கோத்துக் காட்டினார். அதன் பிறகும் நெடுங்காலம், இது இருதய நோயா, நரம்புத் தளர்ச்சியா, பயத்தாலும் துயரத்தாலும் வருவதா என்று வைத்திய உலகம் தடுமாறிக்கொண்டிருந்தது. கவலையும் அதிர்ச்சியும் வியாதியைக் கிளப்பிவிடக்கூடும் என்பது இன்றும் மறுக்கப்படவில்லை. ஆனால் கிளப்பிவிடுவது வேறு, மூலகாரணம் வேறு. அந்த மூலகாரணத்தைக் கண்டறிந்த வழி, வியக்கத்தக்க விதத்தில், முட்டைக்கோசுத் தோட்டத்தினூடே சென்றது. அந்தக் கதையில் குன்னூருக்கும் ஓர் இடம் உண்டு.

குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில், 1918-இல், பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்கியவர் ராபர்ட் மெக்காரிசன். அந்த அறையே வளர்ந்து 1928-இல் ஊட்ட உணவு ஆராய்ச்சிக்கூடமாகி, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரோடு விளங்குகிறது. நம் தேசத்தின் பல பகுதிகளிலும் ஜனங்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்ட சோதனைகளுக்காகவே அவரைப் பலரும் அறிவார்கள். ஆனால் குன்னூருக்கு வருமுன்பே அவர் தைராய்டு ஆராய்ச்சியாளர். காஷ்மீரத்துக்கு வடக்கே கில்கிட் பகுதியில் வைத்தியராக இருந்த காலத்தில், கழலை மிகுந்த கிராமங்களில் ஓடும் நீரின் வண்டலைத் தாமும் அருந்தி, தொண்டர்களையும் அருந்தச் செய்து, தம் கழுத்திலேயே வீக்கத்தை வரவழைத்துக்கொண்டவர். அதே வண்டலைக் கொதிக்கவைத்துக் குடித்தவர்களுக்கு வீக்கம் வரவில்லை என்பதையும் கண்டவர். நீரின் அசுத்தமே பிரதான காரணம் என்று அவர் கொண்ட கருத்து பின்னாளில் நிற்கவில்லை; அயோடின் குறைவே முதற்காரணம் என்று நிலைநாட்டப்பட்டது. ஆயினும் பிறர் சரீரத்தில் மட்டும் சோதிக்காமல் தம் சரீரத்தையும் ஒப்புக்கொடுத்த அந்த மனப்பான்மையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

கழலை எல்லாம் ஒரே வகை அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஓயாத மழையால் மண்ணிலுள்ள அயோடின் கழுவப்பட்டுப்போகும் மலைநாடுகளில், அயோடின் கிடைக்காமல் சுரப்பி பருப்பது ஒரு வகை. இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில், 1956-இல் தொடங்கி வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய சகாக்களும் நடத்திய பெரிய ஆராய்ச்சி, உப்பில் அயோடினைக் கலந்தால் அந்த வகைக் கழலை குறையும் என்று நிரூபித்தது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. கிரேவ்ஸ் நோயின் கழலையோ அயோடின் குறைவால் வந்ததன்று. அதைக் கண்டு, மலைநாட்டுக் கழலைதானே என்று எண்ணி, அயோடின் மிகுந்த கடற்பாசி மாத்திரைகளையும் சொட்டு மருந்துகளையும் கொடுத்தால் நிலைமை மோசமாகும். சாதாரணச் சமையலுக்கு அயோடின் கலந்த உப்பைத் தாராளமாக உபயோகிக்கலாம். அதை விலக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில், 1966-இல் ரொட்டியில் அயோடின் கலக்கத் தொடங்கியபின், தைராய்டு மிகுதியால் துன்புறுவோர் தொகை சில காலம் உயர்ந்ததும் உண்மையே. ஆனால் அதற்காக ஒரு ஜனசமூகம் முழுவதுக்கும் அயோடினை மறுப்பது விவேகமாகாது. கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சி அதைச் சார்ந்திருக்கிறது.

முட்டைக்கோசுக்கு வருவோம். 1928-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சிசாலையில், வேறொரு நோயின்பொருட்டு வளர்க்கப்பட்ட முயல்களுக்கு அன்றாடத் தீனியாக முட்டைக்கோசு போடப்பட்டு வந்தது. அவற்றின் கழுத்தில் பெரிய கழலைகள் தோன்றியதைக் கண்டு செஸ்னியும் அவர் தோழர்களும் திகைத்தார்கள். இந்தச் செய்தி வந்தபின் குன்னூரில் மெக்காரிசனும் முட்டைக்கோசின் கழலை விளைவிக்கும் குணத்தைத் தம் பிராணிகளில் சோதித்து எழுதினார். கேத்தி, கோத்தகிரி வட்டாரங்களின் படிக்கட்டு வயல்களில் கேரட்டும் டர்னிப்பும் முட்டைக்கோசும் அடுத்தடுத்து விளைந்து, ‘இங்கிலீஷ் காய்கறி’ என்ற பெயரோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவதைத் தினமும் காணும் மலைவாசிகளுக்கு, இந்தக் காய்க்குள் தைராய்டின் வேலையைத் தடுக்கும் சரக்கு ஒன்று இருக்கிறது என்பது புதுமையாகத் தோன்றலாம். ஹார்மோன் உற்பத்தி தடைப்படும்போது பிட்யூட்டரி மேலும் மேலும் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளையால் சுரப்பி பருக்கிறது. நியூசிலாந்தின் டனீடின் நகரத்தில் ஹெர்பர்ட் பர்வ்ஸ் என்பவர், கென்னடி என்ற சகாவோடு சேர்ந்து, கடுகுக் குடும்பத்து விதைகளை எலிகளுக்குக் கொடுத்து, 1941-இல் இதே விளைவைத் தெளிவுபடுத்தினார். ஏறக்குறைய அதே சமயத்தில், வேறு காரியங்களுக்காகச் சில ரசாயனப் பொருள்களை எலிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஆராய்ச்சியாளர்களும் எதிர்பாராமல் கழலையையே கண்டார்கள்.

இவற்றையெல்லாம் படித்துக்கொண்டிருந்த பாஸ்டன் நகரத்து வைத்தியர் எட்வின் ஆஸ்ட்வுட்டுக்குத் தோன்றிய எண்ணம் மிக எளிமையானது: நல்ல சுரப்பியின் வேலையைக் கெடுக்கும் பொருள், அளவு மீறி வேலை செய்யும் சுரப்பிக்கு மருந்தாகக்கூடும் அல்லவா? 1943-இல் அவர் தயோயூரியாவையும் தயோயூராசிலையும் நோயாளிகளுக்குக் கொடுத்து, படபடப்பும் நடுக்கமும் அடங்குவதைக் கண்டார். அந்த வம்சத்தில் பிறந்ததே இன்று நீலகிரியின் மருந்துக் கடைகளில் நியோமெர்கசோல் என்று கேட்டு வாங்கும் கார்பிமசோல் மாத்திரை. கதை இத்துடன் முடியவில்லை. கடுகு விதையை ஆராய்ந்த அதே பர்வ்ஸ், 1956-இல், டங்கன் ஆடம்ஸ் என்பவரோடு சேர்ந்து, கிரேவ்ஸ் நோயாளிகளின் இரத்தத்தில் தைராய்டைத் தூண்டும் பொருள் ஒன்று இருப்பதையும், அது டி.எஸ்.எச். போலச் சிறிது நேரத்தில் அடங்கிவிடாமல் நெடுநேரம் தூண்டிக்கொண்டேயிருப்பதையும் கண்டுபிடித்தார். பிற்பாடு அது எதிர்ப்பொருள் என்று நிரூபணமாயிற்று. ஒரே மனிதர் வாழ்க்கையில், மருந்துக்கு வழி காட்டிய விதையும் வியாதியின் வேரும் சந்தித்தன. இதைக் கேட்டுவிட்டு, மாத்திரைக்குப் பதிலாக முட்டைக்கோசுப் பொரியலைத் தின்றால் போதுமோ என்று யாரும் நினைக்கக் கூடாது. நாம் வேகவைத்து உண்ணும் அளவில் அதன் சக்தி அற்பம். மருந்தாகவும் ஆகாது, விலக்கவும் வேண்டாம்.

மாத்திரை கையில் வந்தபின்தான் இந்த வியாதியோடு வாழ்வது என்னும் காரியம் தொடங்குகிறது. கார்பிமசோல் புதிய ஹார்மோன் உற்பத்தியையே தடுக்கிறது. ஏற்கெனவே சுரப்பியில் சேமித்திருப்பதை அதனால் ஒன்றும் செய்ய இயலாது. அந்தச் சேமிப்பு கரைந்து தீர நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. பத்து நாள் சாப்பிட்டும் குணம் தெரியவில்லை, இந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு வைத்தியத்தை நாடுபவர்கள், குணம் அரும்பப்போகும் தருணத்தில் அதைக் கைவிடுகிறார்கள். இடைப்பட்ட நாட்களில் படபடப்பையும் நடுக்கத்தையும் அடக்குவதற்குப் புரோப்ரனலால் என்ற மாத்திரையை வைத்தியர்கள் சேர்த்துக் கொடுப்பார்கள்; ஆனால் இழுப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது. குளிர்காலத்தில் இழுப்பு வரும் வழக்கமுள்ளவர்கள், வைத்தியர் கேளாமலே அதைத் தாமாக அவரிடம் சொல்லிவிட வேண்டும். பிறகு அளவைக் குறைத்துக்கொண்டு, பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் வரை விடாமல் சாப்பிட வேண்டியிருக்கும். முடிவில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வியாதி தணிந்தே இருக்கிறது. மற்றவர்களுக்குத் திரும்ப வருகிறது. திரும்ப வந்தால் அது நோயாளியின் குற்றமும் அன்று, பத்தியம் தவறியதால் வந்ததும் அன்று.

கார்பிமசோலின் ஓர் அபாயத்தை, மலையில் வாழ்பவர்களுக்காகத் தனியே வற்புறுத்த விரும்புகிறேன். மிகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், இந்த மருந்து இரத்தத்தின் வெள்ளணுக்களைத் திடீரென்று அழித்துவிடுகிறது. அப்போது தோன்றும் முதல் அடையாளம் தொண்டை வலியும் காய்ச்சலும். சமவெளியில் இது ஒருவேளை கவனத்தைக் கவரலாம். தென்மேற்குப் பருவமழை கூடலூரிலும் உதகையிலும் வாரக்கணக்கில் பெய்யும் ஆடி மாதத்திலும், வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் நனைக்கும் ஐப்பசியிலும், வீட்டுக்கு வீடு தொண்டை கட்டிக் காய்ச்சலோடு படுத்திருப்பவர்கள் நடுவே, இந்தக் காய்ச்சலை யார் வேறாகப் பார்க்கப்போகிறார்கள்? சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு, மாத்திரையையும் விடாமல் கொடுப்பார்கள். செய்யவேண்டியது இது: கார்பிமசோல் சாப்பிடுபவருக்குத் தொண்டை வலியோ, வாய்ப்புண்ணோ, காய்ச்சலோ கண்டால், அன்றைக்கே அந்த மாத்திரையை நிறுத்தி, அன்றைக்கே வெள்ளணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கும் பரிசோதனைக்குப் போக வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் மருந்தைத் தொடரலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. தோட்டங்களில் தொழிலாளருக்கு வைத்திய வசதி அளிக்கவேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. உதகையில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இந்த எளிய பரிசோதனைக்காகக் கோயம்புத்தூருக்கு இறங்கவேண்டிய அவசியம் இல்லை.

கண்களின் விஷயம் வேறு. சுரப்பியைத் தூண்டும் எதிர்ப்பொருளுக்கு இசையும் ஏற்பிகள், கண்ணுக்குப் பின்னாலுள்ள திசுக்களிலும் இருக்கின்றன. அவை வீங்கிக் கண்ணை முன்னே தள்ளுகின்றன. பலருக்கு லேசான உறுத்தலோடும் நீர்வடிதலோடும் போய்விடும். சிலருக்கு இமைகள் மூட இயலாமல், பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும் அளவுக்கு முற்றும். மலையின் உலர்ந்த காற்றும், உயரத்தில் கடுமையாகும் வெயிலும் இக்கண்களை மேலும் வருத்துவதால், கறுப்புக் கண்ணாடி அணிவதையும் சொட்டுமருந்து விடுவதையும் தலையணையை உயர்த்திப் படுப்பதையும் ஆடம்பரமாகக் கருதாமல் சிகிச்சையாகவே கருத வேண்டும். புகை பிடிப்பவர்களுக்கு இது மிகக் கடுமையாக முற்றுகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. நிறங்கள் மங்கித் தெரிந்தாலோ பார்வை குறைந்தாலோ தாமதம் கூடாது.

மருந்தால் தணியாதவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சுரப்பியை அறுவை செய்து நீக்குவது. பெர்ன் நகரத்துத் தியோடர் கோக்கர் அந்த அறுவையைப் பக்குவப்படுத்தியதற்காக 1909-இல் நோபல் பரிசு பெற்றார். மற்றொன்று, கதிரியக்க அயோடினை விழுங்குவது. சுரப்பி அயோடினைத் தேடி ஈர்த்துக்கொள்ளும் தன் இயல்பினாலேயே அந்தக் கதிரியக்கத்தை உள்ளே வாங்கி, சில மாதங்களில் சுருங்கிவிடுகிறது. பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் 1941-இல் முதன்முதலாக இதைக் கொடுத்தார். சிகிச்சை எளிது. ஆனால் அதன்பின் சில நாட்கள் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்காமல் விலகியிருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அதைத் தோட்டத் தொழிலாளரின் லைன் வீட்டில் எப்படி நிறைவேற்றுவது? ஓர் அறையும் ஓர் அடுப்படியும் உள்ள வீட்டில், ஒரே கம்பளிக்குள் மூன்று குழந்தைகளோடு படுத்துறங்கும் தாய் எங்கே விலகுவாள்? குழந்தைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்ப முடியுமா, தனியே படுக்க இடம் உண்டா என்பதையெல்லாம் சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே வைத்தியர் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காவிட்டால் நோயாளியே வாய்திறந்து சொல்ல வேண்டும். கர்ப்பமாயிருக்கும்போதும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் இந்தச் சிகிச்சை அறவே கூடாது. இவ்விரண்டு வழிகளிலும் பெரும்பாலோருக்குப் பின்னர் தைராய்டு குறைந்துபோவதால், ஆயுள் முழுதும் தைராக்சின் மாத்திரையை விடியற்காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு, காப்பியோ தேநீரோ குடிக்க ஒரு மணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும்.

வீட்டாரிடம் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஹார்மோன் மிகுந்திருக்கும் மாதங்களில், அந்தப் பெண் சட்டியை வீசி எறிந்ததையும், காரணமின்றி அழுததையும், குழந்தையை அடித்துவிட்டுத் தானே தேம்பியதையும் கணக்கில் வைத்துக்கொண்டு, குணமான பிறகு அவளிடம் எடுத்துச்சொல்ல வேண்டாம். நிமிடத்துக்கு நூற்றுப்பத்து, நூற்றிருபது தடவை துடித்துக்கொண்டேயிருக்கும் நெஞ்சோடு, இரவில் இரண்டு மணி நேரம்கூடத் தூங்காமல், அத்தனை நாளும் அவள் கொழுந்தும் பறித்து, சோறும் ஆக்கிப் போட்டாள் என்பதையே நினைவில் வைக்க வேண்டும். சுரப்பி அடங்கியதும் மனமும் அடங்கும். ஆனால் இரத்தச் சீட்டு சரியான அன்றே மனமும் பழையபடி ஆகிவிடுவதில்லை. பல வாரங்கள் பின்தங்கியே வருகிறது. அந்த வாரங்களில் ஒத்தாசை செய்ய ஒரு கை இருந்தால், மாத்திரைக்கு அது பெருந்துணை.

கர்ப்பம் தரிக்க எண்ணும் பெண்கள் அதை முன்னதாகவே வைத்தியரிடம் சொல்வது நல்லது. கார்பிமசோல் சிசுவின் அங்க வளர்ச்சியை முதல் மாதங்களில் பாதிக்கக்கூடுமாகையால், அக்காலத்துக்குப் புரோபைல்தயோயூராசில் என்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். அதைவிடப் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் கதிரியக்க அயோடினாலோ அறுவையாலோ சுரப்பி போய், இப்போது தைராக்சின் மட்டும் சாப்பிட்டுவரும் பெண், தன் பழைய வியாதி தீர்ந்துவிட்டது என்றே எண்ணியிருப்பாள். சுரப்பிதான் போயிற்று; அதைத் தூண்டிய எதிர்ப்பொருள் அவள் இரத்தத்தில் இன்னும் உலவிக்கொண்டிருக்கக்கூடும்; அது நஞ்சுக்கொடியைக் கடந்து சென்று குழந்தையின் சின்னஞ்சிறு சுரப்பியைத் தூண்டவல்லது. ஆகவே கர்ப்பத்தை முதன்முதலாகப் பதிவு செய்யப் போகும்போதே, “எனக்கு முன்னே தைராய்டு அதிகமாயிருந்து வைத்தியம் பண்ணினாங்க” என்று நர்ஸம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். எதிர்ப்பொருளின் அளவைப் பார்த்து, மிகுந்திருந்தால் வயிற்றிலுள்ள குழந்தையின் இருதயத் துடிப்பையும் வளர்ச்சியையும் ஸ்கேனில் கவனித்துவருவார்கள். அத்தகைய தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் மிகச் சிலவே இதனால் பாதிக்கப்படுகின்றன. பிறந்து சில நாட்களுக்குள் பால் நன்றாகக் குடித்தும் எடை ஏறாமல், அமைதியின்றி, நெஞ்சு மிக வேகமாகத் துடிக்குமானால் அவற்றுக்கும் சில காலம் மருந்து கொடுப்பார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சில மாதங்களில் குழந்தையின் இரத்தத்திலிருந்து முற்றிலும் மறைந்துவிடும். அதோடு மருந்தையும் நிறுத்திவிடுவார்கள்.